காலி என்று எழுதிய சிலிண்டர்

பிப்ரவரி 4, புதன்

கண் டாக்டரிடம் போனேன். படிக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டுமாம். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"லேப்ல. உறைஞ்ச ஹீலியத்துக்குள்ள ஹீலியம் ஓடுதான்னு பாக்கறோம்."

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். இவர் விடவில்லை. "உறைஞ்சு போனது எப்படிம்மா ஓடும்?"

"அதான் ஆச்சரியம். பயங்கரக் குளிர்ல வெச்சு நல்லா அழுத்தினா ஹீலியம் கட்டியாகும். அந்தக் கட்டிக்குள்ள அணுக்கள் வரிசை தப்பின இடம் கோடு கோடா இருக்கும். அது வழியா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகுது."

"எப்பவுமேவா?"

"துளி அழுக்கு இருந்தா, இன்னும் குளிர வெக்கும்போது டக்குனு நின்னுடும்."

"எங்க வீட்டுக் குழாயும் அப்படித்தான்," என்றார். இருவரும் சிரித்தோம்.

அழுக்கு என்று நான் சொன்னதும் ஒரு வகை ஹீலியம்தான், எடை குறைந்த ஹீலியம்-3. பத்து லட்சம் அணுக்களில் ஒன்று இருந்தாலே போதும். இதையும் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. இன்று வேறு யாரிடமும் இவ்வளவு பேசவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

என் கணவர் போன் செய்தார். நான்கு நிமிடம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "அங்க மழையா?" "இல்ல." வேலைக்காக அவர் வேறு ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம். முதலில் மாதம் இரண்டு முறை வருவார். போன வருடம் ஒரே முறை வந்தார். பிரிந்துவிட்டோம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

புது வரிசையின் முதல் மாதிரி. வரவழைத்ததிலேயே சுத்தமான கேஸ். இதற்கு அறுபத்திரண்டு மில்லி கெல்வின் அருகில்தான் ஓட்டம் நிற்க வேண்டும் என்பது லேபை நடத்தும் சாரின் கணக்கு. அப்படியென்றால், அதற்குக் கீழே குளிரே இல்லாத பூஜ்யத்துக்கு ஒரு டிகிரியில் பதினாறில் ஒரு பங்கு மேலே. எண்பத்து நான்கிலேயே நின்றுவிட்டது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சியாளர் (காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாதவர் என்பதால் லேப் முழுக்க அவருக்குப் பெயரே ஹெட்போன்தான்) தோளைக் குலுக்கிவிட்டு, "தெர்மாமீட்டரா இருக்கும் மேடம்," என்றார்.

தெர்மாமீட்டரா இருக்கும். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டாவது மாதிரி. அதே கேஸ், அதே தெர்மாமீட்டர், அதே கைகள். எழுபத்தேழில் நின்றது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதல் மாதிரிக்கான கேஸ், நிரப்புவதற்கு முன் சனியும் ஞாயிறும் கேஸ் பலகையிலேயே காத்திருந்தது. இரண்டாவதைச் சனிக்கிழமை மாலை ஏற்றி மறுநாள் காலையே நிரப்பினோம். அவ்வளவுதான்.

கேஸ் பலகை என்பது சுவரில் மாட்டிய குழாய்களும் வால்வுகளும். இருபத்தாறு வருடமாக அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கேட்காமல் அதில் யாரும் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டார்கள். காத்திருந்தால் கேஸ் அழுக்காகிறது என்றால் —

இல்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

பிப்ரவரி 18, புதன்

டீச்சரைப் பற்றி எழுத வேண்டும். மூன்று வருடமாக எழுதவில்லை.

பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, முப்பத்து நான்கு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். எனக்கும்தான். என்னை அக்கா என்பாள். நான்கு வருடம் மதியச் சாப்பாடு ஒரே மேஜையில். மாணவர்கள் பரீட்சையில் எழுதிய பதில்களைச் சொல்லிச் சொல்லி எனக்குப் புரையேற வைப்பாள்.

அவளுடைய மாதிரிகள் சொல்பேச்சு கேட்கவில்லை. சாதாரணக் கேஸுக்கு எண்பதில் நிற்க வேண்டிய ஓட்டம், ஒரு நாள் தொண்ணூறில் நிற்கும், ஒரு நாள் நூற்றுப் பத்தில் நிற்கும். பத்தொன்பது மாதிரி, பதினான்கு மாதம். சார் தெர்மாமீட்டர் என்றார், பிறகு கவனக்குறைவு என்றார். கடைசி மதிப்பீட்டுக் கூட்டத்தில் என் பக்கம் திரும்பி, "கேஸ் எப்படிம்மா?" என்றார்.

"என் கேஸ் சுத்தம் சார். அதுல கை வெக்க ஒண்ணுமில்ல."

அந்த இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. கூட்டம் அத்தோடு முடிந்தது. டீச்சர் என்னைப் பார்த்தாள், பிறகு தன் நோட்டைப் பார்த்தாள். பதினைந்து நாளில் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று பலகை முழுவதையும் பம்ப் செய்து மூடிவைத்தேன். இன்று காலை கசிவு பார்க்கிற கருவியை ஹீலியம்-3க்கு மாற்றிவைத்துப் பார்த்தால், முள் எழுந்தது. பிறகு ஒவ்வொரு வால்வாகப் பிரித்துக்கொண்டே போனேன். மதியத்துக்குள் ஒன்றுதான் மிச்சம். பலகையின் கீழே இடது மூலையில், முழங்கை நீளத்துக்கு ஒரு சிறு சிலிண்டர். ஹெட்போனும் டீச்சரும் வருவதற்கு முன்னால், வேறொரு சோதனைக்காக ஹீலியம்-3 கலந்த கேஸை அதில்தான் வைத்திருந்தோம். சோதனை முடிந்ததும் வால்வை மூடி அட்டை கட்டித் தொங்கவிட்டாயிற்று.

அட்டையில் "காலி" என்று எழுதியிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. என் கையெழுத்து.

காலி இல்லை. உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. வால்வின் உட்பக்கம் தேய்ந்து, கண்ணுக்கோ மீட்டருக்கோ தெரியாத அளவில் இத்தனை வருடமாகப் பலகைக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹெட்போன் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார். முழங்கால் வலி என்றேன்.

பிப்ரவரி 21, சனி

பரணிலிருந்து பழைய டைரியை எடுத்தேன். அன்று என்னதான் நடந்தது? ஏன் பார்க்காமல் எழுதினேன்? ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று பக்கத்தைத் தேடினேன். இருந்தது இவ்வளவுதான்:

"தலைவலி. சீக்கிரம் கிளம்பினேன்."

பிப்ரவரி 23, திங்கள்

சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"வால்வை மாத்தியாச்சா?"

"மாத்திட்டேன் சார். சிலிண்டரையே எடுத்துட்டேன்."

"அப்புறம் என்ன? நல்ல வேளை, இப்பவே கண்டுபிடிச்சீங்க. திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"டீச்சரோட மாதிரி எல்லாம் இதே பலகைலேர்ந்துதான் சார் போச்சு."

அவர் பேனாவை மறுபடி திறந்தார். "அந்தப் பொண்ணு போய் மூணு வருஷம் ஆச்சும்மா. எவ்வளவு அழுக்கு போச்சுன்னு இப்ப யாரு சொல்ல முடியும்? தெரியாத நம்பரை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. விடுங்க."

தெரியாத நம்பர். வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். எனக்கும் விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 25, புதன்

டீச்சரின் நோட்டுகள் ஆறும் அலமாரியில்தான் இருக்கின்றன. கடமைக்குத்தான் புரட்டினேன்.

அவள் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதியிருக்கிறாள். கேஸ் பலகைக்கு வந்த நேரம், மாதிரி நிரப்பிய நேரம், பம்ப் நின்ற நேரம். ஒரு இடத்தில் "கரண்ட் போனது 11.20, வந்தது 11.34, அக்கா டீ போட்டாள்" என்றுகூட இருக்கிறது. வருகைப் பதிவேடு எடுத்துப் பழகிய கை.

ஒவ்வொரு மாதிரிக்கும் கேஸ் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்று இதிலிருந்து தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கசியும் என்று நான் அளந்துவிட்டால் போதும். அது தெரியாத நம்பர் இல்லை.

மார்ச் 2, திங்கள்

பழைய வால்வைத் தனியாக மாட்டி நான்கு நாள் அளந்தேன். மூன்று வருடத்துக்கு முன் உள்ளே அழுத்தம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும், அதற்கும் கணக்குப் போட்டேன். பிறகு பத்தொன்பது மாதிரிக்கும் அழுக்கின் அளவைக் கண்டுபிடித்து, ஓட்டம் நின்ற குளிருக்கு எதிரே கிராஃப் தாளில் கையாலேயே புள்ளி வைத்தேன்.

ஏழாவது புள்ளி வைக்கும்போதே தெரிந்துவிட்டது. மேலே வைக்க மனமில்லை, ஆனாலும் வைத்தேன்.

பதினெட்டும் ஒரே கோட்டில் விழுகின்றன. அழுக்கு கூடக் கூட, ஓட்டம் நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. சாரின் பழைய கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து இது தொடர்கிறது. அவள் கையில் ஒரு பிழையும் இல்லை. அழுக்கு எப்படி ஓட்டத்தை அடைக்கிறது என்று இதைவிட நன்றாக யாரும் அளந்திருக்க முடியாது. அளந்தது அவளுக்கே தெரியாது.

பதினோராவது மட்டும் கோட்டை விட்டு வெளியே நிற்கிறது. அதை அழித்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அழிக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

தாளைச் சாரின் மேஜையில் வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார். "பாக்கறேன்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

டீச்சருக்கு மெயில் எழுதினேன். "எப்படி இருக்கிறாய்" என்று ஆரம்பித்தது அபத்தமாக இருந்தது. அனுப்பவில்லை.

மார்ச் 9, திங்கள்

மறுபடி எழுதினேன். இதில் "நம் எல்லோருக்கும் தெரியாமல்" என்று ஒரு வரி. நம் எல்லோருமா? அழித்தேன்.

மார்ச் 14, சனி

போய்விட்டு வந்தேன்.

இரண்டரை மணி நேரப் பஸ். பள்ளி அரை நாள்தான், மணி அடித்த பிறகு ஆசிரியர்கள் அறையில் அவள் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முடியில் நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பழக்கத்தில். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

எங்கே ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. "டீச்சர், உன் மாதிரில தப்பு இல்ல. கேஸ்லதான் தப்பு. என் தப்பு," என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், அட்டை, கசிவு.

அவள் முதலில் கேட்டது, "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?"

சொன்னேன். மனதுக்குள் பெருக்குவது முகத்தில் தெரிந்தது. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேன்ல."

"என்ன?"

"கீழ இருக்கற அந்தச் சின்ன சிலிண்டரைப் பாத்துடலாமான்னு. ரெண்டு தடவை கேட்டேன். அது காலிடி, வேற வேலை இருந்தா பாருன்னு சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு இருக்கிறது. சிரித்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

"தினமும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். ராத்திரி பகலா கையை நீட்டி நீட்டிப் பாப்பேன், நடுங்குதான்னு. இங்க வந்து ஒரு வருஷம் பசங்களுக்கு ஒரு சோதனை செஞ்சு காட்டல, தெரியுமா? போர்டுல படம் போட்டே ஒப்பேத்தினேன்." குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "சாரை விடுங்க. அவர் யாரைத்தான் நம்பினாரு. நீங்க என் கூடச் சாப்ட்டவங்க."

மன்னிச்சுடு என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டாள். கிராஃபும் கணக்கும் இருந்த கோப்பை மேஜையில் வைத்தேன். தொடவில்லை. "கடைசி பஸ் அஞ்சு மணிக்கு," என்றாள். மணி அப்போது ஒன்றரைதான்.

மார்ச் 15, ஞாயிறு

அவருடைய போன். முதல் முறையாக லேப் விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, "வேலைன்னா எல்லாருக்கும் நடக்கறதுதானே. மனசுல போட்டுக்காத," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். போனை வைத்த பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

மார்ச் 23, திங்கள்

துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் பார்க்காமல் எழுதியது, அவள் இரண்டு முறை கேட்டது. கையெழுத்துப் போட்டேன். சாருக்கும் ஒரு பிரதி.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே."

"ரெண்டு தடவை சொன்னேன் சார்."

ஏப்ரல் 1, புதன்

பலகைச் சாவியை இனிமேல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எல்லோருக்கும் பொது விதியாம். எல்லோரும் என்றால் நான்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் பேச்சு குறைகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தெரிந்திருக்காது. ஹெட்போன் மட்டும் இன்று வந்து எதிரே உட்கார்ந்து, ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று அவரிடம் கேட்டேவிட்டேன். "நீங்க திரும்பி வர்றதா இருக்கீங்களா?"

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"ஏன் திடீர்னு?" என்றார்.

"திடீர்னு இல்ல. பதினோரு வருஷம் கழிச்சுக் கேக்கறேன்."

"இல்ல," என்றார். பிறகு, "நீ கேப்பேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்," என்றார். அழுதது அவர்தான். நான் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் பதினொரு மணிவரை வெளியே போகாமல் இருந்தேன்.

மே 9, சனி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி. டீச்சர். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"11வது மாதிரில நேரம் தப்பா எடுத்திருக்கீங்க. நான் எழுதின 7 காலை இல்ல, முந்தின நாள் சாயங்காலம். அன்னிக்கு ஒரு நாள்தான் காலை மாலை போட மறந்தேன். 12 மணி நேரம் கூட்டிக்கங்க."

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து கணக்குப் போட்டேன். புள்ளி கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

"சரியா இருக்கு" என்று அனுப்பினேன். வேறு என்னென்னவோ எழுத வந்தது. எழுதவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

மே 20, புதன்

இந்தப் பத்து நாளில் ஏழு செய்திகள். எல்லாம் கேள்விகள். சிலிண்டரின் கொள்ளளவை எப்படி அளந்தீர்கள்? லேப் வெப்பம் மாறினால் கசிவு மாறுமே, பார்த்தீர்களா? பார்க்கவில்லை. பார்த்துச் சொன்னேன். இரண்டு சதவீத வித்தியாசம்.

மே 28, வியாழன்

துறையிலிருந்து டீச்சருக்குக் கடிதம் போயிருக்கிறது. ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கலாமாம், காலக்கெடுவைத் தளர்த்துவார்களாம்.

சார் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். சிலிண்டர் இருந்த இடத்தில் சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. அதையே பார்த்துக்கொண்டு, "அவ நோட்டைக் காட்டுன்னு நான் ஒரு நாளும் கேக்கலம்மா. கிராஃபை மட்டும்தான் பாத்தேன்," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

ஜூன் 7, ஞாயிறு

அவருடைய புத்தகங்களைக் கேட்டிருந்தார். மூன்று பெட்டி. கட்டி அனுப்பினேன். அலமாரியில் தூசியின் நடுவே புத்தக அளவில் சுத்தமான இடங்கள். துடைத்தேன்.

ஜூன் 15, திங்கள்

டீச்சர் வந்துவிட்டாள். பள்ளியில் லீவு போட்டுவிட்டு மூன்று வாரம் இருப்பாளாம். சுத்தமான கேஸில் ஒரு மாதிரி செய்து அளந்து, அந்தக் கோட்டின் கீழ் முனையையும் சேர்த்தால்தான் ஆய்வேடு முழுமையாகும். சாரிடம் வணக்கம் சொன்னாள். ஹெட்போனிடம் பெயர் கேட்டாள். என்னிடம் பலகைச் சாவி கேட்டாள், அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.

அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றும் கூப்பிடவில்லை. எதுவும் போடாமல் நேராகப் பேசுகிறாள். மதியம் காரிலோ எங்கேயோ சாப்பிட்டாள்.

ஜூன் 18, வியாழன்

அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் நட்டைத் திருகும்போது ஒரு துளி நடுக்கம் இல்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கையைப் பையில் விட்டுக்கொண்டாள்.

ஜூன் 24, புதன்

இன்று மாதிரி நிரப்பும் நாள். காலையிலேயே கேஸை அளந்து வைத்திருந்தேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அழுக்கு எவ்வளவு?" என்றாள். சொன்னேன்.

"அளந்ததா, சொல்றதா?"

"அளந்தது. காலைல எட்டரைக்கு."

"காட்டுங்க."

தாளைக் காட்டினேன். படித்தாள். பிறகு அவளே கருவியை மாட்டி இன்னொரு முறை அளந்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்றேன், குறடு கேட்டபோது குறடு கொடுத்தேன். மனது சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கவில்லை. யாரோ என் பாரத்தில் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதுபோல்தான் இருந்தது.

அதே எண் வந்தது. நோட்டில் நேரத்தோடு எழுதினாள். கீழே "அளந்தவர்கள்" என்று போட்டு, தன் கையெழுத்தை வைத்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினாள். போட்டேன்.

வால்வைத் திறந்து நிரப்பினோம். நாளைக்குக் குளிரூட்டும் தொட்டியின் கனமான மூடியைத் தூக்கிப் போட்டு, முழுக்கக் குளிர வைக்க வேண்டும். ஓட்டம் எங்கே நிற்கிறது என்று வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

கிளம்பும்போது கேட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எட்டு."

"ஏழு மணிக்கு வாங்க. தனியா அந்த மூடியைத் தூக்க முடியாது."